மூன்றாம் சாமத்துக் காவல்

இடுப்பில் ஒரு இன்சுலின் பம்ப், தோலுக்கடியில் சர்க்கரையை அளந்துகொண்டே இருக்கும் ஒரு சென்சார், இரண்டையும் இணைத்து மருந்தின் அளவைத் தானே முடிவு செய்யும் மென்பொருள். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களுக்கான இந்த ஏற்பாட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே 'செயற்கைக் கணையம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர்தான் இதன் வரலாற்றைத் திசைமாற்றியது என்பது என் எண்ணம். கணையம் செய்கிற வேலை முழுவதையும் மக்கள் எதிர்பார்த்தார்கள். கருவியைச் செய்தவர்களும் அதையே இலக்காக வைத்து உழைத்தார்கள். வெகுகாலத்துக்குக் கிடைத்ததெல்லாம் மருத்துவமனைக் கட்டிலைவிட்டு நகர முடியாத இயந்திரங்கள். தூங்கும் நோயாளியின் சர்க்கரை அபாய அளவுக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று இலக்கைச் சுருக்கிய பிறகுதான் காரியம் நடந்தது. ஆகவே இந்தக் கருவியின் நன்மை தீமைகளை எடைபோடும்போது கணையத்தைத் தராசின் மறுதட்டில் வைப்பது சரியல்ல. இரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, அசந்து தூங்கும் பிள்ளையின் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கும் தாயின் இடத்துக்கு வந்த கருவி இது. அந்தத் தாய் செய்த காவலோடுதான் இதை ஒப்பிட வேண்டும்.

அந்தக் காவல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கு விடை இன்சுலினின் பிறப்பிலேயே இருக்கிறது. 1921இல் டொராண்டோ பல்கலைக்கழகத்தில், ஜே. ஜே. ஆர். மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில், ஃபிரெடரிக் பாண்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் நாயின் கணையத்திலிருந்து எடுத்த சாறு இரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார்கள். 1922 ஜனவரி 11ஆம் நாள் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லை. ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது, பலன் சொற்பம். உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் கோலிப் அதைத் தூய்மைப்படுத்திக் கொடுத்த பிறகு, 23ஆம் நாள் தொடங்கிய ஊசிகள் பலித்தன. அதுவரை இந்த நோய் வந்த பிள்ளைகளுக்கு மருத்துவர்கள் தர முடிந்தது பட்டினிப் பத்தியம் ஒன்றுதான். எலும்பும் தோலுமாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்த அந்த மாதங்களைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். ஆனால் அதே காலத்தில் அதே ஆய்வுக்கூடத்தில் கோலிப் இன்னொன்றையும் கண்டார். சாற்றை மிகுதியாகப் பெற்ற முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸ் செலுத்தியதும் எழுந்தன. சாற்றின் வலிமையை அளக்க வேறு வழி இல்லாததால் அந்த வலிப்பையே அளவுகோலாக்கினார்கள். ஒரு முயலின் சர்க்கரையை வலிப்பு வரும் அளவுக்கு இறக்கத் தேவையான மருந்து எவ்வளவோ, அதை வைத்தே இன்சுலினின் முதல் 'யூனிட்' வரையறுக்கப்பட்டது. இன்று நாம் சாதாரணமாகச் சொல்லும் பத்து யூனிட், இருபது யூனிட் என்ற கணக்கின் வேர் இதுதான். உயிர் காக்கும் அளவுக்கும் உயிரைப் பறிக்கும் அளவுக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள மருந்தை, வீட்டில், கையால், நாளுக்குப் பலமுறை, ஆயுள் முழுக்கப் போட்டுக்கொள்ளச் சொல்வது மருத்துவத்தில் மிக அரிது.

பகலில் இந்த ஆபத்தை ஓரளவு சமாளிக்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். பக்கத்தில் இருப்பவர் முகம் வெளுத்ததைப் பார்த்துச் சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார். இரவில் அந்தச் சாட்சிகள் யாரும் இல்லை. அன்றைக்கு வீட்டில் இருந்த ஒரே சோதனை, சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் கொதிக்க வைப்பது. பள்ளி ஆய்வகத்தில் நாம் செய்ததுதான்: சர்க்கரை மிகுந்தால் செங்கல் நிறம், இல்லையென்றால் நீலம். அந்த நீலத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. சர்க்கரை சரியான அளவில் இருந்தாலும் நீலம்தான், சாவின் விளிம்புக்கு இறங்கியிருந்தாலும் நீலம்தான். கூடுதலை மட்டும் காட்டும், குறைவைக் காட்டாத அளவுகோலை வைத்துக்கொண்டு மூன்று தலைமுறை நோயாளிகள் காலம் தள்ளினார்கள். 1936இல் டென்மார்க்கில் ஹாகெடோர்ன் புரோட்டமைன் சேர்த்த நீடித்த இன்சுலினைக் கொண்டுவந்தபோது ஊசிகளின் எண்ணிக்கை குறைந்தது. மருந்து வேலை செய்யும் நேரம் இரவுக்குள் நீண்டது. பின்னர் வந்த என்.பி.எச். இன்சுலினை மாலையில் போட்டால் அதன் உச்சம் நள்ளிரவை ஒட்டியே வரும். நம் முன்னோர் இரவைச் சாமங்களாகப் பிரித்துக் காவல் வைத்தார்கள். இந்த நோயில் மூன்றாம் சாமம் காவலில்லாத சாமமாகவே இருந்தது.

இயந்திரம் செய்ய முனைந்தவர்கள் இந்தச் சாமத்திலிருந்து தொடங்கவில்லை. கணையத்தையே நகலெடுக்கப் பார்த்தார்கள். 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸில் ஆர்னால்ட் காடிஷ் ஒரு கருவியைச் செய்தார். இரத்தத்தைத் தொடர்ந்து எடுத்து அளந்து, தேவைக்கேற்ப இன்சுலினையும், அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககானையும் செலுத்தியது. அதை முதுகில் சுமந்து நிற்பவரின் படத்தைப் பார்த்தால் போருக்குப் போகும் சிப்பாயின் மூட்டை போல இருக்கும். 1974இல் டொராண்டோவில் மைக்கேல் அல்பிஸரின் குழுவும் ஜெர்மனியின் உல்ம் நகரில் பைஃபரின் குழுவும் கணினி கொண்டு இதையே இன்னும் திறமையாகச் செய்து காட்டின. 1977இல் 'பயோஸ்டேட்டர்' என்ற பெயரில் ஒரு இயந்திரம் விற்பனைக்கும் வந்தது. சர்க்கரை ஏறினால் இன்சுலின், இறங்கினால் குளுக்கோஸ், இரண்டுமே நேராக இரத்தக் குழாய்க்குள். வேலை பிரமாதமாகத்தான் நடந்தது. ஆனால் நோயாளி கட்டிலில் கிடக்க வேண்டும், பயிற்சி பெற்ற ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆய்வாளர்களுக்கு அது அருமையான கருவி. வீட்டில் தூங்கும் பிள்ளைக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தப் பெரிய இயந்திரங்களிடம் முடுக்கியும் இருந்தது, பிரேக்கும் இருந்தது. இடுப்பில் கட்டும் அளவுக்குக் கருவி சுருங்கியபோது பிரேக்கைக் கழற்றிவிட்டு முடுக்கியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

அப்படிச் சுருங்கியதுதான் இன்சுலின் பம்ப். லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப்பும் ஹாரி கீனும் தோலுக்கடியில் தொடர்ந்து சொட்டுச் சொட்டாக இன்சுலின் செலுத்தும் முறையை 1978இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் தம்போர்லேனின் குழுவும் அதே வழியில் போனது. இந்தப் பம்ப்புக்குக் கண் கிடையாது. சர்க்கரை நூறில் இருக்கிறதா நாற்பதில் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சொன்ன வேகத்தில் விடியும்வரை செலுத்திக்கொண்டே இருக்கும். அதே சமயம் விரலைக் குத்தி வீட்டிலேயே அளக்கும் சிறு மீட்டர்கள் பரவின. இவற்றை நம்பித்தான் அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 1,441 பேரைக் கொண்ட பெரிய ஆய்வை நடத்தின. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் நரம்பும் தப்புமா என்பதே கேள்வி. 1993இல் வந்த விடை, அரை நூற்றாண்டு விவாதத்தை முடித்துவைத்தது: விழித்திரைப் பாதிப்பு ஏற்படும் அபாயம் 76 விழுக்காடு குறைந்தது. கூடவே வந்த செய்தி, பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போன நிகழ்வுகள் மூன்று மடங்கு ஆயின என்பது. அந்தக் கடும் தாழ்வுகளில் 55 விழுக்காடு தூக்கத்தில் நேர்ந்தவை. 43 விழுக்காடு நள்ளிரவுக்கும் காலை எட்டு மணிக்கும் இடையில். இறுக்கமான சிகிச்சைக்கு எடுத்துக்கொண்டவர்கள் வாரம் ஒருமுறை அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து இரத்தம் பார்க்க வேண்டும் என்று அந்த ஆய்வின் விதியிலேயே இருந்தது. இரவுக் காவல் ஒரு தாயின் பதற்றமாக இருந்தது போய், மருத்துவ நெறியாகவே ஆகிவிட்டது.

இந்த நெறிக்குப் பின்னால் ஒரு துயரமும் இருந்தது. 1991இல் பிரிட்டனில் டாட்டர்ஸாலும் கில்லும் முதல் வகை நீரிழிவுள்ள இளைஞர்கள் சிலரின் இறப்பை ஆராய்ந்து எழுதினார்கள். முந்தைய நாள் நன்றாக இருந்தவர்கள். காலையில் கலையாத படுக்கையில் உயிரற்றுக் கிடந்தார்கள். அப்படிப்பட்ட 22 பேர். பிரேதப் பரிசோதனையில் காரணம் எதுவும் புலப்படவில்லை. இறந்தபின் சர்க்கரையை நம்பகமாக அளக்க முடியாது என்பதால் தாழ்வுதான் காரணம் என்று நிறுவவும் இயலவில்லை, ஆனால் ஐயம் அதன்மேல்தான் விழுந்தது. தானியங்கி இன்சுலினின் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த 22 பேரையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். ஒரு பம்ப்பின் பாகம் உடைந்தால் அறிவிப்பு வரும், திரும்பப் பெறுவார்கள், எண்ணிக்கை பதிவாகும். கையால் போட்ட ஊசியில் ஒரு அப்பாவின் கணக்கு நான்கு யூனிட் தவறினால் அதற்குப் பதிவேடு கிடையாது. ஒரு பக்கத்தின் பிழைகள் அச்சில் ஏறுகின்றன, மறுபக்கத்தின் பிழைகள் விதி என்று சொல்லிப் புதைக்கப்படுகின்றன. இப்படிச் சாய்ந்த தராசில் இயந்திரம் எப்போதும் அபாயகரமாகவே தெரியும்.

இரவு மட்டும் ஏன் இயந்திரத்துக்குக் கைவந்தது, பகல் ஏன் இன்றுவரை முரண்டு பிடிக்கிறது என்பதற்கு உடலியல் காரணம் உண்டு. நலமான கணையம் இன்சுலினை நேராகக் கல்லீரலுக்குப் போகும் குழாயில் விடுகிறது. சில நிமிடங்களில் வேலை தொடங்கி, சில நிமிடங்களில் முடிந்தும் விடும். தோலுக்கடியில் செலுத்தும் மருந்து, இன்றைய விரைவு இன்சுலினே ஆனாலும், உச்சத்தை எட்ட ஒரு மணி நேரம் ஆகும், நான்கைந்து மணி நேரம் உடலில் தங்கும். உள்ளே போனதைத் திரும்ப எடுக்க வழியில்லை. சென்சார் அளப்பதோ இரத்தத்தை அல்ல, திசுக்களுக்கு இடையிலுள்ள நீரை. அது சில நிமிடங்கள் பின்தங்கியே பேசும். தட்டு நிறைய இட்லியோ சோறோ சாப்பிட்டால் சர்க்கரை அரை மணியில் பாயும். அதைப் பார்த்து மருந்து விட்டால் மருந்து வேலை செய்யும்போது உணவு செரித்துவிட்டிருக்கும், சர்க்கரை குப்புற விழும். அதனால்தான் சந்தையில் உள்ள ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் சாப்பாட்டுக்கு முன்னால் மனிதரையே கணக்குச் சொல்லச் சொல்கின்றன. இரவில் சாப்பாடு இல்லை, ஓட்டம் இல்லை. சர்க்கரை மெதுவாக நகரும். அந்த மெதுவான நகர்வுக்குத் தாமதமான மருந்தும் தாமதமான சென்சாரும் போதும்.

1999இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் தொடர் சென்சார், அளவுகளை நோயாளிக்குக் காட்டாது. மூன்று நாள் சேர்த்துவைத்து மருத்துவரிடம் கொடுக்கும். அந்த வரைகோடுகளில்தான் யாரும் அறியாத இரவுத் தாழ்வுகள் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரிந்தன. அடுத்த பத்தாண்டில் சென்சார் நேரடியாகப் பேசத் தொடங்கியது. 2009இல் ஐரோப்பாவில் ஒரு பம்ப் வந்தது. அதன் தானியங்கித் திறமை ஒன்றே ஒன்று: சர்க்கரை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கி, அலாரத்துக்கும் யாரும் எழவில்லை என்றால், இரண்டு மணி நேரம் வரை இன்சுலினை நிறுத்திவிடும். கொடுப்பதை அல்ல, கொடுக்காமல் இருப்பதைத்தான் இயந்திரம் முதலில் கற்றது. மருந்தை நிறுத்தினால் இரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோன் ஏறிவிடாதா என்ற அச்சத்தால் அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் இதற்கு 2013 செப்டம்பரில்தான் அனுமதி தந்தது. அந்த ஆண்டு வெளியான, 247 பேர் பங்கேற்ற ஆய்வில் இரவுத் தாழ்வின் மொத்தச் சுமை 37.5 விழுக்காடு குறைந்தது. மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1சி ஏறவில்லை, கீட்டோ அசிடோசிஸ் ஒருவருக்கும் வரவில்லை. அதே ஆண்டில் இஸ்ரேல், ஸ்லோவேனியா, ஜெர்மனி நாடுகளின் நீரிழிவு முகாம்களில் 10 முதல் 18 வயது வரையிலான 56 பிள்ளைகள் ஒரு இரவு முழுத் தானியங்கியோடும் ஓர் இரவு சென்சார் இணைந்த சாதாரணப் பம்ப்போடும் தூங்கினார்கள். 63 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிய நிகழ்வுகள் சாதாரணப் பம்ப்பில் 22, தானியங்கியில் 7. அமெரிக்க நோயாளிகள் அந்த எளிய நிறுத்தலுக்காக நான்கு ஆண்டு காத்திருந்தார்கள் என்பதை, எச்சரிக்கைக்கும் ஒரு விலை உண்டு என்பதற்கான சான்றாகவே நான் பார்க்கிறேன்.

காத்திருக்க முடியாதவர்களும் இருந்தார்கள். அவர்களையும் எழுப்பியது இரவுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரைச் சேர்ந்த டேனா லூயிஸ் முதல் வகை நீரிழிவு உள்ளவர், தனியாக வசித்தவர். சென்சாரின் அலாரம் அவரை எழுப்பும் அளவுக்கு உரக்க இல்லை. தூங்கி எழாமல் போய்விடுவோமோ என்ற அச்சத்தில் அலாரத்தை உரக்கச் செய்யும் வழி தேடினார். ஜான் காஸ்டிக் என்ற பொறியாளர், தன் சிறு மகனின் சென்சார் அளவுகளைத் தொலைவிலிருந்து பார்க்க எழுதிய நிரல் அதற்கு வழிகாட்டியது. லூயிஸும் ஸ்காட் லைப்ராண்டும் அந்த அலாரத்தை முன்கணிப்பாக வளர்த்து, பென் வெஸ்ட் கண்டறிந்திருந்த பம்ப்பின் வானொலி மொழியோடு இணைத்து, 2014 இறுதிக்குள் ஒரு முழுச் சுற்றை உருவாக்கினார்கள். 2015இல் அதன் வடிவமைப்பை எல்லாரும் பயன்படுத்திக்கொள்ளத் திறந்துவிட்டார்கள். அவர்கள் பயன்படுத்திய பழைய பம்ப்புகளில் ஒரு பாதுகாப்பு ஓட்டை இருந்தது. வெளியிலிருந்து கட்டளை அனுப்பினால் ஏற்றுக்கொள்ளும். 2011இலேயே, தானும் முதல் வகை நீரிழிவு உள்ளவரான ஜே ராட்கிளிஃப் என்ற கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் இந்த வகை ஆபத்தை மேடையேறிக் காட்டியிருந்தார். எதிரிக்குத் திறந்திருந்த கதவு வழியாகத்தான் நோயாளிகள் தங்கள் கருவிக்குள் நுழைந்தார்கள்.

இதற்கு வந்த மறுப்பு நியாயமானது. அனுமதி பெறாத மென்பொருளை, உயிரோடு விளையாடும் மருந்தின்மேல், வீட்டு மேசையில் எழுதி ஏற்றலாமா? இப்படிச் சேர்த்துக் கட்டிய ஏற்பாட்டைப் பயன்படுத்திய ஒருவருக்கு இன்சுலின் மிகுந்து மருத்துவ உதவி தேவைப்பட்டதை அடுத்து, 2019 மே மாதம் அமெரிக்க நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே ஓட்டையுள்ள பழைய பம்ப்புகளைத் திரும்பப் பெறும் அறிவிப்பும் வந்தது. அப்போது அந்த ஓட்டையால் யாரும் தாக்கப்பட்டதாக உறுதியான தகவல் எதுவும் இல்லை. மறுப்பை ஏற்றுக்கொண்டே பதில் சொல்கிறேன். மென்பொருளின் மதிப்பை அதன் பிறப்பிடம் தீர்மானிக்காது, சோதனை தீர்மானிக்கும். நியூசிலாந்தில் 97 பேரிடம் நடந்த முறையான ஒப்பீட்டு ஆய்வு 2022இல் வெளியானது. திறந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள் 70க்கும் 180க்கும் இடைப்பட்ட நல்ல அளவில் இருந்த நேரம் 61லிருந்து 71 விழுக்காட்டுக்கு உயர்ந்தது. மற்றவர்களுக்கு அது சற்றே இறங்கியது. 2023 ஜனவரியில் அதே மரபில் வந்த ஒரு மென்பொருளுக்கு அமெரிக்க நிர்வாகமே அனுமதி தந்தது.

நிறுவனங்கள் செய்த முதல் முழு வடிவம் 2016 செப்டம்பரில் அனுமதி பெற்றது. உணவுக்கு மனிதரும் மற்ற நேரத்துக்கு இயந்திரமும் என்ற கலப்பு ஏற்பாடு. அதன் குறை கணிதத்தில் இல்லை, தூக்கத்தில் இருந்தது. அளவைச் சரிபார்க்க விரலைக் குத்து என்று அது அடிக்கடி கேட்டது, நள்ளிரவிலும் கேட்டது. தூக்கம் கெட்ட பலர் தானியங்கிப் பகுதியை அணைத்து வைத்தார்கள். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தூக்கத்தைக் காக்க வந்த கருவி தூக்கத்தைக் கெடுத்தால் அதன் மற்றத் திறமைகள் எதுவும் பொருட்டில்லை என்பதை நோயாளிகள் கைவிட்டுக் காட்டினார்கள். விரல் குத்தத் தேவையில்லாத சென்சார்கள் வந்தபின் நிலைமை மாறியது. 2019இல் 168 பேரிடம் நடந்த ஆய்வில் நல்ல அளவில் இருந்த நேரம் 61லிருந்து 71 விழுக்காடு ஆனது, அதாவது மற்றவர்களைவிட நாளுக்கு 2.6 மணி நேரம் கூடுதல். பகலைவிட இரவில்தான் முன்னேற்றம் அதிகம்.

இனி எஞ்சியிருக்கும் ஆபத்துகள். அவற்றை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. முதலாவது, சென்சார் பொய் சொல்வது. தூக்கத்தில் சென்சார் பொருத்திய கையின்மேல் புரண்டு படுத்தால், அங்கே அழுத்தத்தால் அளவு குறைந்து காட்டும். இயந்திரம் மருந்தை நிறுத்தும், சர்க்கரை கொஞ்சம் ஏறும், பெரிய கேடில்லை. கூடுதலாகக் காட்டும் பொய்தான் கொடியது. பழைய சென்சார்கள் சிலவற்றில், காய்ச்சலுக்குச் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையே அளவை உயர்த்திக் காட்டியது. அந்தப் பொய்யை நம்பி இயந்திரம் மருந்தைக் கூட்டினால் தாழ்வு நேரும். நிறுத்தும் அதிகாரம் மட்டும் கொண்ட கருவியின் பிழைக்கும், கூட்டும் அதிகாரமும் கொண்ட கருவியின் பிழைக்கும் இவ்வளவு வேறுபாடு உண்டு. இரண்டாவது, மருந்து போகாமல் நின்றுவிடுவது. பம்ப்பில் இருப்பது விரைவு இன்சுலின் மட்டும். குழாய் மடங்கினாலோ அடைத்தாலோ உடலில் சேமிப்பு ஏதும் இல்லாததால் சில மணி நேரத்தில் கீட்டோன் ஏறத் தொடங்கும். நீடித்த இன்சுலினை ஊசியால் போட்டவருக்கு ஒரு நாள் கையிருப்பு உள்ளேயே இருக்கிறது. அந்தப் பாதுகாப்பைப் பம்ப் அணிந்தவர் விட்டுக்கொடுக்கிறார். மூன்றாவது, கருவியின் ஒரு பகுதி இன்னொன்றைக் கெடுப்பது. 2024இல் அமெரிக்காவில் ஒரு பம்ப்புக்கான கைபேசிச் செயலி, தானாக நின்று நின்று மறுபடி தொடங்கி, பம்ப்போடு ஓயாமல் பேசி அதன் பேட்டரியைக் காலி செய்தது. 200க்கு மேற்பட்டவர்களுக்குப் பாதிப்பு நேர்ந்ததாகப் பதிவானது, உயிரிழப்பு இல்லை. வானிலைச் செயலிக்கும் உயிர் காக்கும் செயலிக்கும் ஒரே மாதிரி மேம்பாட்டு அவசரம் கூடாது என்பதை அந்தத் துறை இன்னும் முழுதாக உணரவில்லை.

திறமை மழுங்கிவிடும் என்று ஒரு கவலையையும் மூத்த மருத்துவர்கள் சொல்வார்கள். பத்து வயதில் கருவியோடு வளரும் பிள்ளை, அது பழுதானால் எத்தனை யூனிட் போடுவது என்று தெரியாமல் விழிக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்கு விடை, கருவியோடு சேர்த்துக் கையாலும் கணக்குப் போடக் கற்றுக்கொடுப்பதே. தவறாமல் பழக வேண்டும் என்பதற்காக ஒரு குடும்பத்தை ஆயிரக்கணக்கான இரவுகள் விழித்திருக்கச் சொல்வது கல்வியாகாது. இன்று பம்ப் அணியும் ஒவ்வொருவர் பையிலும் பேனா ஊசியும் கீட்டோன் பட்டையும் இருக்க வேண்டும், அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்திருக்கவும் வேண்டும். இதைக் கருவி தரும் மருத்துவமனைகள் கட்டாயமாக்கலாம்.

எனக்கு விடை எளிதில் கிடைக்காத மறுப்பு விலைதான். பிரிட்டனில் தேசிய மதிப்பீட்டு நிறுவனம் 2023 டிசம்பரில் இந்தக் கருவிகளைப் பரிந்துரைத்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை ஐந்தாண்டுகளில் படிப்படியாக வழங்குகிறது. பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, 20 வயதுக்கு உட்பட்ட முதல் வகை நீரிழிவுக்காரர்கள் உலகிலேயே அதிகம் இருப்பது இந்தியாவில்; ஏறத்தாழ 2,29,000 பேர். இவர்களில் பலருக்கு இன்சுலினும் சோதனைப் பட்டையும் தடையின்றிக் கிடைப்பதே பாடு. அவர்கள் முன்னால் போய் முழுத் தானியங்கியைப் பற்றிப் பேசுவது பொருந்தாது என்று சொல்பவர்களோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மறுபாதிக்கு இந்த வரலாறே விடை வைத்திருக்கிறது. உயிர் காக்கும் பெரும் பயன், கணையத்தை முழுதாக நகலெடுத்த பிறகு வரவில்லை. சென்சாரும் உரத்த அலாரமும் சேர்ந்தபோதே வரத் தொடங்கிவிட்டது. விலையில் அது முழுக் கருவியின் ஒரு பகுதிதான். ஆகவே அரசுக் காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்களிடம் வைக்கும் கோரிக்கை இது: இன்சுலினையும் சோதனைப் பட்டையையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் உறுதி செய்யுங்கள், அடுத்த படியாக, பம்ப்புக்குக் காத்திராமல், அலாரமுள்ள சென்சாரைக் காப்பீட்டில் சேருங்கள்.